சான்றுரையோடு வந்த கவிதைகள்

ஆங்கிலக் கவிதையின் வரலாற்றைச் சொல்லும் நூல்கள் பெரும்பாலும் 1798ஆம் ஆண்டில் புதிய அத்தியாயம் ஒன்றைத் தொடங்குகின்றன. அவ்வாண்டில் வேர்ட்ஸ்வர்த்தும் கோலரிட்ஜும் சேர்ந்து வெளியிட்ட 'லிரிகல் பேலட்ஸ்' தொகுப்பே, தனிமனித உணர்வையும் கற்பனையையும் கவிதையின் ஊற்றாகக் கொண்ட ரொமான்டிக் இயக்கத்தின் பிறப்பு என்பது வகுப்பறைகளில் நிலைபெற்றுவிட்ட கணக்கு. அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளுக்கு இக்கணக்கில் கிடைப்பது 'ரொமான்டிக்குக்கு முற்பட்ட காலம்' என்ற பெயர் மட்டுமே. தனக்கென ஒரு பொருள் இல்லாத, வரப்போகும் ஒன்றுக்கான ஆயத்தமாகவே அக்காலம் மதிக்கப்படுகிறது. இம்மதிப்பீடு அக்காலத்தின் மையமான போராட்டத்தை மறைத்துவிடுகிறது. எது நல்ல கவிதை என்ற கேள்வியைக் காட்டிலும், எவரெல்லாம் கவிஞராக இருக்க முடியும் என்ற கேள்விதான் 1770க்கும் 1800க்கும் இடையில் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் கூர்மையாக எழுந்தது. அக்கேள்விக்கான விடை கவிதைகளுக்குள் தேடப்பட்டதைவிட, கவிதைகளுக்கு முன்னால் அச்சிடப்பட்ட பக்கங்களில், அதாவது முன்னுரை, காணிக்கையுரை, சந்தாதாரர் பட்டியல், சான்றுரை ஆகியவற்றில், அதிகமாகத் தேடப்பட்டது.

இப்பக்கங்கள் ஏன் தேவைப்பட்டன என்பதற்கு நூல் வணிகத்தின் நிலையை முதலில் அறிய வேண்டும். 1710ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் புதிய நூலொன்றுக்குப் பதினான்கு ஆண்டுகளும், அவற்றின் முடிவில் ஆசிரியர் உயிரோடிருந்தால் மேலும் பதினான்கு ஆண்டுகளும் மட்டுமே உரிமை தந்தது. ஆயினும் லண்டன் பதிப்பாளர்கள் மரபுச் சட்டத்தைக் காட்டித் தங்கள் உரிமை முடிவற்றது என்றே வாதிட்டு வந்தனர். ஜேம்ஸ் தாம்சனின் 'தி சீசன்ஸ்' என்ற நெடுங்கவிதையை எடின்பரோவின் அலெக்சாண்டர் டொனால்ட்சன் மலிவாக மறுபதிப்புச் செய்ததால் எழுந்த வழக்கில், பிரபுக்கள் சபை 1774 பிப்ரவரியில் அவ்வாதத்தைத் தள்ளியது. அதன்பின் பழைய கவிஞர்கள் எவரும் அச்சிடக்கூடிய பொதுச் சொத்தாயினர். ஜான் பெல் 1777 முதல் வெளியிட்ட பிரிட்டானியக் கவிஞர் வரிசை மட்டும் 109 சிறு தொகுதிகளாக வளர்ந்தது. மில்டனும் போப்பும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கத் தொடங்கிய சந்தையில், பெயர் தெரியாத உயிருள்ள கவிஞர் ஒருவரை நம்பிப் பணம் போடப் பதிப்பாளர் தயங்குவது இயல்பே. அத்தகைய கவிஞருக்கு மிஞ்சிய வழி சந்தா முறை. வாங்க விரும்புவோரின் பெயர்களை முன்கூட்டியே திரட்டி, பணத்தின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ பெற்றுக்கொண்டு, பின்னர் நூலை அச்சிட்டுத் தருவது அம்முறை; தமிழ்ப் பதிப்புலகில் முன்வெளியீட்டுத் திட்டம் என்று வழங்குவதற்கு அது மிக நெருக்கமானது. சந்தா கொடுத்தவர்களின் பெயர்கள் நூலின் முகப்பில் அச்சாயின. அப்பட்டியலைத் திரட்டித் தருவதற்குச் செல்வாக்குள்ள ஒருவர் வேண்டும். அச்செல்வாக்குள்ளவர் கவிஞரைப் பற்றி ஒரு கதை சொல்ல வேண்டும். அக்கதை கவிதையைவிட விரைவாகப் பரவியது.

இம்முறையின் முழு வலியையும் தாங்கிய நூல் 1773 செப்டம்பரில் லண்டனில் ஆர்ச்சிபால்ட் பெல் வெளியிட்ட, சமயமும் ஒழுக்கமும் சார்ந்த பல பொருள்கள் பற்றிய கவிதைகள் என்ற பொருள்படும் தலைப்புடைய தொகுப்பு. அதை எழுதியவர் ஃபிலிஸ் வீட்லி. மேற்கு ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ 1753இல் பிறந்த அவர், 1761இல் ஏழெட்டு வயதுச் சிறுமியாகப் பாஸ்டன் துறைமுகத்தில் இறக்கப்பட்டு, ஜான் வீட்லி என்ற வணிகரால் அவருடைய மனைவி சூசன்னாவுக்குப் பணிவிடை செய்வதற்காக விலைக்கு வாங்கப்பட்டார். ஃபிலிஸ் என்பது அவரை ஏற்றிவந்த கப்பலின் பெயர். வீட்லி என்பது அவரை வாங்கியவரின் பெயர். தாய்தந்தையர் இட்ட பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவ்வீட்டு மகள் மேரியிடம் எழுத்தறிந்த அவர், வந்து பதினாறு மாதங்களில் விவிலியத்தின் கடினமான பகுதிகளையும் படித்தார் என்று ஜான் வீட்லி எழுதியிருக்கிறார். 1767இல் ரோட் தீவின் நியூபோர்ட் நகரச் செய்தித்தாள் ஒன்றில் அவருடைய கவிதை முதன்முதலாக அச்சேறியது. புகழ்பெற்ற சமயப் பேச்சாளர் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டு 1770இல் இறந்தபோது எழுதிய இரங்கற்பா அவருடைய பெயரைக் கடலின் இருபுறமும் கொண்டுசென்றது.

1772 பிப்ரவரியில் பாஸ்டனில் அவருடைய தொகுப்புக்குச் சந்தா கேட்டு விளம்பரம் வந்தது. போதிய ஆதரவு கிடைக்கவில்லை. அவ்விளம்பரத்தில் உள்ள தலைப்புகளையும் மறு ஆண்டு லண்டனில் வெளிவந்த நூலின் பொருளடக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஓர் உண்மை புலப்படும். பாஸ்டன் பட்டியலில், 1770 மார்ச் 5 அன்று கிங் தெருவில் பிரிட்டானியப் படையினர் மக்களைச் சுட்ட நிகழ்ச்சி பற்றிய கவிதை இருந்தது. அதற்குச் சில நாள் முன்பு அரசு ஆதரவாளர் ஒருவரின் துப்பாக்கிக்கு இரையான சிறுவனைப் பற்றிய கவிதையும் இருந்தது. லண்டன் நூலில் அவை இல்லை. அரசரின் தலைநகரில் விற்கவேண்டிய நூலுக்கு அவை ஒத்துவராதவை. தெருவில் நடந்ததை நடந்தவுடன் பாடிய ஓர் இளம்பெண்ணின் அரசியல் முகம் தொகுப்பிலிருந்து பெரிதும் நீக்கப்பட்டு, பக்தி மிகுந்த, பணிவான முகமே வாசகருக்குக் காட்டப்பட்டது. வீட்லி சமய உபதேசத்தை மட்டுமே எழுதினார் என்று பின்னாளில் குறைகூறிய விமர்சகர்கள், அக்குறையின் ஒரு பகுதி பதிப்பின் தேர்வு என்பதைக் கருதியிருக்க வேண்டும்.

நூலின் முகப்பில் கவிஞரின் உருவப்படம் இருக்கிறது. ஹன்டிங்டன் சீமாட்டி செலினா ஹேஸ்டிங்ஸ் கேட்டுக்கொண்டதால் சேர்க்கப்பட்ட அப்படத்தில் அவர் மேசையருகே அமர்ந்து, இறகுப் பேனாவைப் பிடித்தபடி சிந்திக்கிறார். படத்தைச் சுற்றி வளைந்தோடும் எழுத்துகள் அவர் பாஸ்டன் ஜான் வீட்லியின் கறுப்பினப் பணியாள் என்று அறிவிக்கின்றன. அதையடுத்து அச்சீமாட்டிக்குக் காணிக்கை, ஒரு முன்னுரை, ஜான் வீட்லியின் கடிதம், பின்னர் பொதுமக்களுக்கு என்ற தலைப்பில் ஒரு சான்றுரை. மாசசூசெட்ஸ் ஆளுநர் தாமஸ் ஹட்சின்சன், துணை ஆளுநர் ஆண்ட்ரூ ஆலிவர், பின்னர் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் முதல் கையொப்பமிடவிருந்த ஜான் ஹான்காக், திருச்சபைப் போதகர்கள், வணிகர்கள், ஜான் வீட்லி உட்படப் பதினெட்டு ஆண்கள் அதில் பெயர் தந்திருந்தனர். பின்வரும் கவிதைகளை ஆப்பிரிக்காவிலிருந்து பண்பறியா நிலையில் கொண்டுவரப்பட்டு, இந்நகரில் அடிமையாக ஊழியம் செய்யும் இப்பெண்ணே எழுதினாள் என்று தாங்கள் நம்புவதாக அவர்கள் உறுதி கூறினர். தகுதியுடைய நடுவர்கள் அவரைச் சோதித்ததாகவும் அதில் கண்டிருக்கிறது. பதினெட்டுப் பேரும் ஒரே கூடத்தில் அமர்ந்து அவரைக் குறுக்குக் கேள்வி கேட்டதாக ஒரு காட்சி பல நூல்களில் விவரிக்கப்படுகிறது. அப்படியொரு கூட்டம் நடந்ததற்குப் பதிவேதும் இல்லை. கையொப்பங்கள் உண்மை, அவை தேவைப்பட்டன என்பதும் உண்மை. அவ்வளவே போதிய அளவு கொடியது. தமிழ் நூல்களின் முன்னே வைக்கப்பட்ட சாற்றுக்கவிகள் நூலின் சிறப்பைப் பாடின. பாஸ்டன் சான்றுரையோ கவிதையின் சிறப்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், அது எவருடைய கையிலிருந்து வந்தது என்பதை மட்டும் உறுதிசெய்தது. கறுப்பினத்தவருக்குப் பகுத்தறிவும் கற்பனையும் உண்டா என்று தத்துவவாதிகள் ஐயம் எழுப்பிக்கொண்டிருந்த நூற்றாண்டில், இருபது வயதுப் பெண்ணின் ஈரடிச் செய்யுள் ஒரு வழக்கின் சாட்சியப் பொருளாயிற்று.

ஈரடிச் செய்யுள் என்பது இங்கே ஹீரோயிக் கப்லெட் எனப்படும் யாப்பைக் குறிக்கிறது: அடிக்குப் பத்து அசை, இரண்டிரண்டு அடிகளாக இறுதி ஒலி இயைந்துவரும் அமைப்பு. அலெக்சாண்டர் போப் அதை முழுமைக்குக் கொண்டுவந்தபின் அரை நூற்றாண்டுக் காலம் ஆங்கிலக் கவிதையின் பொது வடிவமாக அது இருந்தது. வீட்லி போப்பைப் பின்பற்றினார் என்பது உண்மையே. ஆனால் யேல் கல்லூரியில் பயின்று பின்னர் அதன் தலைவரான டிமத்தி டுவைட், 1785இல் பதினொரு காண்டங்களில் எழுதிய 'கானான் வெற்றி' என்ற காப்பியமும் அதே யாப்பில்தான் அமைந்தது. அவரிடம் எவரும் சான்றுரை கேட்கவில்லை, பின்பற்றியதற்காக அவருடைய இனத்தின் அறிவாற்றலை எவரும் ஐயுறவும் இல்லை. தாமஸ் ஜெஃபர்சன் தம் வர்ஜீனியா பற்றிய குறிப்புகளில் வீட்லியின் கவிதைகள் விமர்சனத்துக்கே தகுதியற்றவை என்று எழுதித் தள்ளியதை இவ்வெளிச்சத்தில் வைத்தே படிக்க வேண்டும். அது இலக்கியத் தீர்ப்பு அன்று. அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர், அவர்களின் அறிவு தாழ்ந்தது என்ற தம் முடிவுக்கு இடையூறாக நின்ற ஒரு நூலை வழியிலிருந்து அகற்றிய செயல் அது.

வீட்லியின் நூலில் கணிசமான பகுதி கையறுநிலைப் பாடல்கள். பாஸ்டன் குடும்பங்களில் குழந்தையோ கணவனோ இறந்தபோது, எஞ்சியவர்களை நோக்கி அவர் எழுதியவை அவை. சமயநம்பிக்கையின் பொதுவான ஆறுதல்களே அவற்றில் மீண்டும் மீண்டும் வருவதால் அவற்றை விரைவில் புரட்டிவிடுவது வாசக வழக்கம். ஆனால் பேசுபவரின் இடத்தைக் கவனித்தால் அவை வேறு எடை பெறுகின்றன. பெற்றோரிடமிருந்து பறிக்கப்பட்டு விற்கப்பட்ட ஒருவர், பிள்ளையை இழந்த செல்வர்களிடம் அழுகையை அடக்கும்படி சொல்கிறார். ஆணையிடும் தொனியில், மறுமையின் காட்சியைக் கண்முன் நிறுத்தி, அவர்களுக்கு மேலான இடத்திலிருந்து பேசுகிறார். அந்நகரில் வேறெந்தச் சூழலிலும் அவர் அக்குடும்பத்தாரிடம் அத்தொனியில் பேசியிருக்க இயலாது. மரணம் மட்டுமே அவருக்கு அவ்வுரிமையைத் தந்தது. அதை அவர் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டார்.

ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டது பற்றிய எட்டு வரிக் கவிதையே இன்று பாடத்தொகுப்புகளில் மிகுதியாக இடம்பெறுவது. அதுவே அவரைப் பழிப்பவர்களின் ஆயுதமாகவும் இருந்து வந்திருக்கிறது. தம்மைக் கொண்டுவந்தது இறைவனின் கருணை என்று அது தொடங்குவதால், அடிமை வணிகத்துக்கு நன்றி சொன்னவர் என்ற பழி அவர்மேல் விழுந்தது. பிற்பாதியில் கவிதையின் முகம் திரும்புகிறது. கறுப்புத் தோலை இகழ்பவர்களைச் சுட்டிக்காட்டியபின், கிறித்தவர்களை நேராக விளித்து, கறுப்பினத்தவரும் மீட்புக்கு உரியவர்களே என்பதை நினைவில் கொள்ளச் சொல்கிறது. நன்றியில் தொடங்கிக் கட்டளையில் முடியும் இந்த எட்டு வரியில், பணிவு என்பது உள்ளே நுழைவதற்கான அனுமதி. நுழைந்தபின் பேசப்படுவது வேறு.

1773 கோடையில் வீட்லி லண்டனுக்குச் சென்றார். பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் அடிமை முறையை எதிர்த்துப் போராடிய கிரான்வில் ஷார்ப்பும் அவரைச் சந்தித்தனர். இங்கிலாந்துக்குள் வந்த அடிமையை வலுக்கட்டாயமாக வெளியே கொண்டுசெல்ல முடியாது என்று தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு ஜேம்ஸ் சாமர்செட் வழக்கில் தீர்ப்பளித்து ஓராண்டே ஆகியிருந்தது. சூசன்னா நோயுற்ற செய்தி கேட்டு, நூல் வெளிவரும் முன்பே அவர் பாஸ்டன் திரும்பினார். லண்டன் மதிப்புரைகளில் சில, விடுதலை பற்றி இவ்வளவு பேசும் பாஸ்டன் மக்கள் இக்கவிஞரை இன்னும் அடிமையாக வைத்திருப்பதைக் கண்டித்தன. இங்கிலாந்து நண்பர்களின் வேண்டுகோளின்படி தமக்கு விடுதலை வழங்கப்பட்டதாக அவரே அவ்வாண்டு அக்டோபரில் ஒரு கடிதத்தில் குறிப்பிடுகிறார். சான்றுரை அவர்தான் எழுதினார் என்பதை நிறுவியது. கவிதைகள் அவருக்கு விடுதலையைப் பெற்றுத் தந்தன.

இக்கதையை அடிமைமுறையின் கொடுமை என்று மட்டும் ஒதுக்கிவைக்க இயலாது என்பதைப் பிரிஸ்டல் நகரம் காட்டுகிறது. அடிமை வணிகத்தால் செழித்த அத்துறைமுக நகரில், கிளிஃப்டன் பகுதியில் வீடுவீடாகப் பால் விற்று, பன்றிக்குத் தீனியாகச் சமையலறைக் கழிவுகளைச் சேகரித்துவந்த ஆன் இயர்ஸ்லி என்ற பெண் கவிதை எழுதினார். 1783–84 குளிர்காலத்தில் அவருடைய குடும்பம் பட்டினியின் விளிம்பிலிருந்து காப்பாற்றப்பட்டது. நாடகாசிரியரும் கவிஞருமான ஹன்னா மோரின் வீட்டுச் சமையற்காரி மூலம் இயர்ஸ்லியின் வரிகள் மோரின் கைக்குச் சென்றன. மோர் அவற்றைத் திருத்தி, செல்வச் சீமாட்டியும் விமர்சகருமான எலிசபெத் மான்டேகுவின் துணையோடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சந்தாதாரரைத் திரட்டி, 1785இல் நூலை வெளிக்கொணர்ந்தார். முகப்பில் மோர் மான்டேகுவுக்கு எழுதிய கடிதம் இருந்தது; கல்வியறியாத பால்காரியிடம் இயற்கை ஊன்றிய மேதைமை பற்றிய கதை அது. மோரின் உழைப்பையும் நல்லெண்ணத்தையும் ஐயுறக் காரணமில்லை. ஆயினும் நூலால் கிடைத்த ஏறத்தாழ 350 பவுண்டை அவர் தாமும் மான்டேகுவும் பொறுப்பாளர்களாக இருக்கும் அறக்கட்டளை ஒன்றில் வைத்து, இயர்ஸ்லிக்கும் அவருடைய கணவருக்கும் அம்முதலின்மேல் அதிகாரம் இல்லாதவாறு எழுதிவிட்டார். ஏழைக்குப் பணத்தைக் கையாளத் தெரியாது, பணம் வந்தால் அவர் தம் நிலை மறந்துவிடுவார் என்பது அதன் பின்னிருந்த எண்ணம்.

இயர்ஸ்லி அதை ஏற்கவில்லை. தம் பிள்ளைகளின் பணத்துக்குத் தாமும் ஒரு பொறுப்பாளராக இருக்க வேண்டும் என்று கேட்டார். மறுக்கப்பட்டபோது, 1786இல் வந்த நான்காம் பதிப்பில் மோரின் கடிதத்தோடு தம் தரப்பையும் அச்சிட்டு வெளியிட்டார். நன்றி மறந்தவர் என்ற பழி அவரைச் சூழ்ந்தது. அக்கால ஆங்கில இலக்கியத்தில் இதைவிடத் துணிவான செயலைக் காண்பது அரிது. கவிஞரைப் பற்றிப் பிறர் சொன்ன கதை வீற்றிருந்த இடத்திலேயே, அக்கதையின் பொருளாக இருந்தவர் தம் வாயால் பேசினார். இறுதியில் பணம் அவர் கைக்கு வந்தது. 1793இல் அவர் பிரிஸ்டலில் வாடகை நூலகம் ஒன்றைத் தொடங்கினார். 1788இல் அடிமை வணிகத்தை எதிர்த்து மோர் ஒரு நெடுங்கவிதை வெளியிட்டபோது, இயர்ஸ்லியும் அதே பொருளில் ஒன்றை வெளியிட்டார். மோரின் கவிதை நாடாளுமன்றத்தை நோக்கிப் பேசுகிறது, கருத்துகளால் நகர்கிறது. இயர்ஸ்லியின் கவிதை தம் நகரத்து வணிகர்களையே எதிரில் நிறுத்தி, தோட்டத்தில் சித்திரவதைக்குள்ளாகும் ஓர் அடிமை இளைஞனின் வரலாற்றைச் சொல்கிறது. செம்மை மோரிடம் அதிகம், அனல் இயர்ஸ்லியிடம். அவ்வனலுக்காகவே அவருடைய கவிதை இன்றும் படிக்கத் தக்கது.

அதே பிரிஸ்டலில், இயர்ஸ்லியின் நூலுக்குப் பல ஆண்டுகளுக்கு முன் தாமஸ் சாட்டர்டன் என்ற சிறுவன் இச்சிக்கலுக்கு வேறொரு வழியைக் கண்டுபிடித்திருந்தான். தேவாலயமொன்றின் பழைய ஆவணங்களிடையே வளர்ந்த அவன், தான் எழுதிய கவிதைகளைப் பதினைந்தாம் நூற்றாண்டுத் துறவி தாமஸ் ரௌலி எழுதியவை என்று சொல்லி, பழைய எழுத்துமுறையையும் தாள்களையும் புனைந்து வெளியிட்டான். பள்ளி ஆசிரியரின் மகனாய்ப் பிறந்து, வழக்கறிஞரிடம் படியெடுக்கும் பையனாய் இருந்தவன் பேசினால் கேட்காத உலகம், இறந்த துறவி பேசினால் கேட்கும் என்று அவன் கணித்தது சரியாகவே இருந்தது. 1770 ஆகஸ்டில் லண்டன் வாடகை அறையில் ஆர்செனிக் உண்டு, பதினெட்டு வயது நிறையும் முன் அவன் இறந்தான். ரௌலி கவிதைகள் 1777இல் நூலாகி, அவை உண்மையா போலியா என்று அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் வாதிட்டனர். அவற்றை மோசடி என்று மட்டும் பேசுவது நியாயமன்று. தன் பெயருக்குக் கிடைக்காத மதிப்பை ஒரு பொய்ப்பெயரால் ஈட்டிய மேதையின் துயரம் அவற்றில் இருக்கிறது.

ராபர்ட் பர்ன்ஸ் தம் கதையைத் தாமே எழுதிக்கொண்டவர். 1786 ஜூலை 31 அன்று ஸ்காட்லாந்தின் கில்மார்னக் நகரில் ஜான் வில்சன் அச்சிட்ட அவருடைய முதல் தொகுப்பு 612 படிகள். விலை மூன்று ஷில்லிங். ஏறத்தாழ ஒரு மாதத்தில் பெரும்பாலும் விற்றுத் தீர்ந்தது. முன்னுரையில் அவர் தம்மைக் கிரேக்கமும் லத்தீனும் அறியாத எளிய பாடகர் என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறார். எடின்பரோ விமர்சகர் ஹென்றி மெக்கென்சி அவ்வாண்டு டிசம்பரில் எழுதிய மதிப்புரை, வானமே பாடம் சொல்லிக்கொடுத்த உழவர் என்று அவரை முடிசூட்டியது. உண்மையில் அவர் போப்பையும் ஷேக்ஸ்பியரையும் ஸ்காட்லாந்துக் கவிஞர்களையும் ஆழ்ந்து பயின்றவர்; சிக்கலான பழைய ஸ்காட்டியப் பாவகைகளை விளையாட்டாகக் கையாண்டவர். அறியாமை அவர் அணிந்துகொண்ட உடை. அதைத் தேர்ந்தே அணிந்தார் என்பதால் அது அவரை இயர்ஸ்லி அளவுக்குக் காயப்படுத்தவில்லை. ஆனால் அத்தொகுப்பின் பின்னணியில் உள்ள ஒரு செய்தியைக் கடந்துசெல்லக் கூடாது: அது விற்காமல் போயிருந்தால் அவர் ஜமைக்காவின் அடிமைத் தோட்டமொன்றில் கணக்கெழுதும் வேலைக்குக் கப்பலேறியிருப்பார்; பயணத்துக்கான ஏற்பாடுகளைத் தொடங்கியிருந்தார். மனித சமத்துவத்தைப் பாடிய கவிஞராக உலகம் கொண்டாடும் ஒருவருக்கும், பாஸ்டன் துறைமுகத்தில் விற்கப்பட்ட சிறுமிக்கும் இடையில் ஒரே கடல்வணிகம் ஓடிக்கொண்டிருந்தது.

அவ்வணிகத்தின் நிழல் படாத கவிஞரை அக்காலத்தில் காண்பது கடினம். கணவரின் கடனுக்காக அவரோடு லண்டன் கடனாளிச் சிறையில் வாழ்ந்த ஷார்லட் ஸ்மித், 1784இல் தம் செலவில் வெளியிட்ட இரங்கல் சானெட்டுகள் பதிப்பு மேல் பதிப்பாக விரிந்து, வழக்கொழிந்து கிடந்த பதினான்கு அடிப் பாவகைக்குப் புத்துயிர் அளித்தன. அவருடைய மாமனாரின் செல்வம் பார்படோஸ் தோட்டங்களிலிருந்து வந்தது. மாமனார் விட்டுச்சென்ற உயில் மீதான வழக்கே ஸ்மித்தின் வாழ்நாளை விழுங்கியது. மென்மையான இயல்புடைய வில்லியம் கூப்பர், 1785இல் 'தி டாஸ்க்' என்ற நெடுங்கவிதையால் புகழ்பெற்றபின், அடிமை வணிக எதிர்ப்பு இயக்கத்துக்காகத் தெருப்பாடல்களின் மெட்டில் பாடல்கள் எழுதிக்கொடுத்தார். வில்லியம் பிளேக்கோ பதிப்பாளர், சந்தாதாரர், சான்றுரையாளர் எல்லாரையும் விட்டு விலகி, செப்புத் தகட்டில் தாமே எழுத்தும் படமும் தீட்டி, அமிலத்தில் அரிக்கவிட்டு, தாமே அச்சடித்து, மனைவி கேத்தரின் துணையோடு வண்ணமிட்டார். 1789இன் களங்கமின்மைப் பாடல்களும் 1794இன் அனுபவப் பாடல்களும் அவ்வாறு உருவானவை. எவர் அனுமதியும் வேண்டாத அவ்விடுதலைக்கு அவர் கொடுத்த விலை, தம் காலத்தில் மிகச் சிலரே தம்மைப் படித்தனர் என்பது.

புதிதாகப் பிறந்த அமெரிக்கக் குடியரசில் சந்தாதாரர் பட்டியல் அரசியல் ஆவணமாகவே மாறியது. ஜோயல் பார்லோ 1787இல் ஹார்ட்ஃபோர்டில் வெளியிட்ட 'கொலம்பஸின் காட்சி' என்ற காப்பியத்தின் பட்டியலில் பிரான்ஸ் அரசர் பதினாறாம் லூயி 25 படிகளுக்கும் ஜார்ஜ் வாஷிங்டன் 20 படிகளுக்கும் பெயர் தந்திருந்தனர். பார்லோ, டுவைட் முதலிய கனெக்டிகட் கவிஞர்கள் தங்கள் நாட்டுக்கு ஒரு காப்பியம் வேண்டும் என்ற கடமையுணர்வால் எழுதினர். கடமை தெரிகிறது, உயிர்ப்பு குறைவு. ஆங்கிலேயரின் சிறைக்கப்பலில் துன்புற்றுத் திரும்பிய ஃபிலிப் ஃப்ரெனோ அவர்களைவிடக் கூரியவர். ஒரு காட்டுப்பூவைப் பற்றி அவர் 1786இல் எழுதிய சிறு கவிதை, அக்காப்பியங்கள் அனைத்தையும் தாண்டி நிற்கிறது.

இந்த முப்பது ஆண்டுகளை வைத்துப் பார்த்தால் 1798 வேறு விதமாகத் தெரியும். 'லிரிகல் பேலட்ஸ்' பிரிஸ்டலில் ஜோசப் காட்டில் என்ற பதிப்பாளரின் ஏற்பாட்டில் அச்சான நூல். ஆசிரியர் பெயர் இல்லாமல் வந்தது. வீடிழந்து அலையும் பெண், கைவிடப்பட்ட தாய், மந்தபுத்திச் சிறுவன் முதலியோர் அதில் பேசுகிறார்கள் அல்லது பேசப்படுகிறார்கள். எளிய மக்களின் மொழியே கவிதைக்கு உகந்தது என்ற வாதம் பின்னர் 1800 பதிப்பின் முன்னுரையில் விரிவாக்கப்பட்டது. கேம்பிரிட்ஜில் பயின்ற இரு இளைஞர்கள் எளியவர்களின் குரலைத் தேடிச் சென்றதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை; அக்கவிதைகளின் பெருமை ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆனால் அதே நகரத்தில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே எளியவர் ஒருவர் தம் குரலில் பேசி, அதற்காகப் பழிக்கப்பட்டிருந்தார். பெயரை மறைத்துக்கொள்வது அவ்விரு இளைஞர்களுக்கு வாய்த்த உரிமை. வீட்லிக்கு அவ்வுரிமை இல்லை. பெயரும் படமும் உடைமையாளர் பெயரும் பதினெட்டுக் கையொப்பங்களும் இன்றி அவருடைய ஒரு வரியும் லண்டனில் நூலாகியிருக்காது. வரலாற்று நூல்கள் இப்புதிய அத்தியாயத்தை 1773இல் தொடங்குவதே முறை.

விடுதலை பெற்றபின் வீட்லியின் வாழ்வு எளிதாகவில்லை. படைத்தலைவராக நியமிக்கப்பட்ட வாஷிங்டனுக்கு 1775இல் அவர் அனுப்பிய கவிதை மறு ஆண்டு ஃபிலடெல்ஃபியா இதழொன்றில் வெளிவந்தது. வாஷிங்டன் பாராட்டிக் கடிதம் எழுதினார். 1778இல் ஜான் பீட்டர்ஸ் என்ற விடுதலை பெற்ற கறுப்பினத்தவரை மணந்தார். 1779இல் முப்பத்து மூன்று கவிதைகளும் பதின்மூன்று கடிதங்களும் அடங்கிய இரண்டாம் தொகுப்புக்குச் சந்தா கேட்டு விளம்பரம் செய்தார். போர்க்காலத்தில் எவரும் முன்வரவில்லை. 1784 டிசம்பர் 5 அன்று, முப்பதைச் சற்றே கடந்த வயதில், வறுமையில் இறந்தார். அத்தொகுப்பு நூலாகவேயில்லை, அதன் கையெழுத்துப் படி முழுமையாக இன்றுவரை கிடைக்கவும் இல்லை.

வீட்லியைப் புதிதாகப் படிக்க விரும்புவோர், பாடத்தொகுப்புகள் தரும் எட்டு வரிக் கவிதையில் தொடங்க வேண்டாம். குடியேற்ற நாடுகளுக்குப் பொறுப்பேற்ற அமைச்சர் டார்ட்மத் பிரபுவுக்கு 1772இல் அவர் எழுதிய கவிதை அதே நூலில் இருக்கிறது. விடுதலையின்மேல் தமக்கு ஏன் இவ்வளவு பற்று என்று அமைச்சர் வியக்கக்கூடும் எனச் சொல்லி, தாம் குழந்தையாகப் பறிக்கப்பட்டதையும் அப்போது தம் தந்தையின் நெஞ்சு பட்டிருக்கும் பாட்டையும் அதில் அவர் நேராகக் கூறுகிறார். முதலில் அதைப் படியுங்கள். முன்பக்கத்துச் சான்றுரையைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.